வேலூரிலிருந்து ஓட்ட டூரிங் வண்டி: ஹிமாலயனா, மீட்டியோரா, வி-ஸ்ட்ரோமா?

காட்பாடி_செயின்கவர்

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போது கேட்கும் நேரம் வந்துவிட்டது. கையில் இருப்பது பழைய 150 சிசி வண்டி. ஆபீஸ், மார்க்கெட், மாமியார் வீடு எல்லாம் அதில்தான். ஒரு கடன் முடிந்தது, வீட்டிலும் அனுமதி கிடைத்தது. ஆன் ரோடு மூன்று லட்சத்தை ஒட்டி ஒரு டூரிங் வண்டி எடுக்கலாம் என்று இருக்கிறேன்.

உயரம் ஐந்தடி ஐந்து. எடையைச் சொல்ல மாட்டேன். மாதத்தில் ஓரிரு ஞாயிறு ஏலகிரி, ஜவ்வாது, திருவண்ணாமலை என்று போவோம். வருடத்துக்கு ஒரு தடவை பெரிதாக ஒன்று போக வேண்டும், முதல் ஆசை தனுஷ்கோடி. பாதி நேரம் வீட்டுக்காரம்மா பின்னால் இருப்பார், அவருக்கு இடுப்பு வலி உண்டு. மற்ற நாளெல்லாம் காட்பாடி மேம்பாலமும் கிரீன் சர்க்கிள் நெரிசலும்தான்.

மனதில் இருப்பவை ஹிமாலயன் 450, மீட்டியோர் 350, டொமினார் 400, வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ். கேடிஎம் 390 அட்வென்ச்சர் மேலும் ஒரு கண். யூடியூபில் பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுகிறது. எல்லா வீடியோவையும் லடாக்கில் போய் எடுத்திருக்கிறார்கள். நம் ஊர் வெயிலில் ஓட்டினவர்கள் சொல்லுங்கள்.

390_பைத்தியம்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது ப்ரோ? 390 அட்வென்ச்சர் எடுங்கள். பழைய 373 சிசி வண்டியே 43.5 பிஎஸ் (குதிரைத்திறன்). இப்போது வருவது 399 சிசி, 46 பிஎஸ். பள்ளிகொண்டா தாண்டினால் இரண்டு லாரி ஜோடி போட்டுக்கொண்டு போகும், பின்னால் ஆம்னி பஸ் ஹாரன் அடிக்கும். அந்த இடத்தில் கியர்கூடக் குறைக்க வேண்டாம், திருகினால் தாண்டிவிடலாம். 20 குதிரை வண்டியில் அங்கே பிரார்த்தனைதான். 350 எல்லாம் சாயந்திரம் கோட்டையைச் சுற்றி வர நல்ல வண்டி.

பாலாற்று_மணல்

தம்பி, கோட்டையைச் சுற்ற வண்டி எதற்கு? நடந்தே சுற்றலாம். டாக்டர் எனக்கு அதைத்தான் சொல்லியிருக்கிறார்.

கணக்கே போட்டுப் பார்ப்போம். வேலூரிலிருந்து சென்னை சுமார் 140 கி.மீ. ரோடு முழுக்கக் காலி என்றே வைத்துக்கொள். 110-ல் போனால் ஒன்றே கால் மணி நேரம், 80-ல் போனால் ஒன்றே முக்கால். வித்தியாசம் அரை மணி. அந்த அரை மணியை ஸ்ரீபெரும்புதூர் நெரிசல் வாங்கிக்கொள்ளும். 80-ல் வந்தவன் டீக்காக ஒரு தடவை நிற்பான். 110-ல் காற்றோடு மல்லுக்கட்டி வந்தவன் இரண்டு தடவை நிற்பான், கழுத்தைப் பிடித்துக்கொண்டு.

நான் வலது காலில் கியர் போட்ட புல்லட் காலத்து ஆள். இப்போது ஓட்டுவது மீட்டியோர். 20.2 பிஎச்பிதான், 27 நியூட்டன் மீட்டர்தான். ஆனால் அந்த இழுவை நிமிடத்துக்கு 4000 சுற்றிலேயே வந்துவிடுகிறது. சீட் உயரம் 765 மி.மீ., ஐந்தடி ஐந்து ஆளுக்கு இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படியும். டிராஃபிக்கில் கால் ஊன்றி ஊன்றிப் போகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உன் வயதில் தெரியாது.

390_பைத்தியம்

அண்ணே, 110-ல் போங்கள் என்று நான் சொல்லவே இல்லை. 80-ல் போகும்போது கையிருப்பு இருக்க வேண்டும் என்கிறேன். பின்னால் ஆளும் பையும் இருந்தால் அந்த 20 குதிரையில் மிச்சம் என்ன இருக்கும்? எதிரே வண்டி வரும் இருவழிச் சாலையில் ஓவர்டேக்கை ஆரம்பித்துவிட்டுப் பாதியில் யோசிப்பதுதான் ஆபத்து. கண்ணமங்கலம், போளூர் ரோட்டில் கரும்பு டிராக்டருக்குப் பின்னால் மாட்டின யாரையும் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், வளைவிலும் வேலை செய்யும் ஏபிஎஸ் (பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), டிராக்‌ஷன் கன்ட்ரோல் (சக்கரம் வழுக்கிச் சுழலாமல் பார்த்துக்கொள்வது) எல்லாம் இதில் இருக்கிறது. அதையும் கணக்கில் சேருங்கள்.

கொசப்பேட்டை_ஸ்பேனர்

சண்டை வேண்டாம். எஞ்சினைத் திறந்து பார்த்தால் இரண்டு பேர் சொல்வதும் சரி என்று தெரியும்.

மீட்டியோரின் சிலிண்டர் அகலம் 72 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 85.8 மி.மீ. ஒல்லியாக, நெட்டையாக இருக்கும். 373 சிசி கேடிஎம் எஞ்சினில் அதே கணக்கு 89-க்கு 60. குட்டையாக, அகலமாக இருக்கும். நெட்டை எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே தள்ளும், விரட்டினால் அதற்குப் பிடிக்காது. குட்டை எஞ்சினுக்குச் சுற்றச் சுற்றத்தான் உயிர் வரும்: முழு இழுவைக்கு 7000 சுற்று, முழு சக்திக்கு 9000. ஹிமாலயன் 450-ல் 84-க்கு 81.5, ஏறக்குறைய சதுரம். 40 பிஎஸ்ஸும் இருக்கிறது, 40 நியூட்டன் மீட்டரும் இருக்கிறது, அதுவும் 5500 சுற்றில். குணத்தில் இரண்டுக்கும் நடுவே நிற்பது அது.

இது ரோட்டில் எப்படித் தெரியும்? ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவு. கபிலர், பாரி என்று புலவர்களும் வள்ளல்களும் வளைவுக்கு ஒருவராக நிற்கிறார்கள். பாரி வளைவில் முன்னால் பஸ் ஊர்ந்துகொண்டிருக்கிறது என்று வையுங்கள். மீட்டியோர் இரண்டாவது கியரில் கிளட்ச்சைத் தொடாமல் ஊர்ந்து ஏறிவிடும். 390-ல் முதல் கியருக்கு இறங்கி, பாதிக் கிளட்ச்சில் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். மலை இறங்கி நாட்டறம்பள்ளிப் பக்கம் நேர் ரோட்டுக்கு வந்தால் கதை தலைகீழ். 100-ல் 390 ஆறாவது கியரில் சும்மா போகும், மீட்டியோர் அதே 100-ல் "போதுமா?" என்று கேட்கும்.

இன்னொன்று, மலை இறங்கும் பேச்சு வந்ததால் சொல்லிவிடுகிறேன். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டுப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் ஆட்கள் இன்னமும் இருக்கிறார்கள். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், எஞ்சினே பிடித்துக்கொள்ளும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறின ஆயில் சீக்கிரம் கொதிக்கும், கொதித்தால் லீவர் கைப்பிடி வரை உள்ளே போகும், வண்டி மட்டும் நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். ஒர்க் ஷாப்புக்கு வருபவர்களில் இதைக் கேட்டு மாற்றுபவர் மிகக் குறைவு.

ஜவ்வாது_சாமை

ஹைவே பேச்சு போதும். அமிர்தி வழியாகவோ போளூர் வழியாகவோ ஜமுனாமரத்தூர் ஏறியவர்கள் பிஎஸ் பேச மாட்டார்கள், கிலோதான் பேசுவார்கள்.

நான் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன், ஏறி இறங்குவது தினசரி வேலை. ஒரு வண்டி அகலத்துக்குத்தான் தார். எதிரே ஆள் ஏற்றிய ஜீப் வரும், அவர் ஒதுங்க மாட்டார், நாம்தான் ஓரத்து மண்ணில் இறங்க வேண்டும். மழை பெய்த மறுநாள் ஒவ்வொரு வளைவிலும் சரளை அடித்துக்கொண்டு வந்து கிடக்கும். வளைவுக்கு அப்பால் ஆட்டு மந்தை இருக்கும். அந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, சரிவில் கால் ஊன்றி, பின்னால் தள்ளித் திருப்ப வேண்டும். அப்போது ஹிமாலயனின் 196 கிலோ வேறு, வி-ஸ்ட்ரோமின் 167 கிலோ வேறு. நான் ஓட்டுவது ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, அது 160-க்கும் கீழே. ஹைவேயில் அது பின்தங்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்கு வாணியம்பாடி டோல்கேட்டைப் பார்க்கும் ஆசை கிடையாது.

தரை இடைவெளியையும் பாருங்கள். மீட்டியோர் 170 மி.மீ., வி-ஸ்ட்ரோம் 205, ஹிமாலயன் 230. இரண்டு பேரோடு மீட்டியோர் மலைக் கிராமத்து வேகத்தடை ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போகும்.

அடுத்தது டயர். ஆலங்காயத்துக்கும் காவலூருக்கும் நடுவே முள் குத்தினால் என்ன செய்வீர்கள்? டியூப்லெஸ் என்றால் முள்ளைப் பிடுங்கி, துளையில் ரப்பர் திரியைச் சொருகி, சின்ன பம்ப்பில் காற்று அடித்துக்கொண்டு பத்து நிமிடத்தில் கிளம்பலாம். டியூப் டயர் என்றால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும், லீவர் போட்டு டயரைப் பிரிக்க வேண்டும், பிரிக்கும்போது டியூபை இன்னொரு இடத்தில் கிள்ளிவிடாமல் இருக்கவும் வேண்டும். அலாய் சக்கரம் உள்ள மீட்டியோரும் வி-ஸ்ட்ரோமும் டியூப்லெஸ். ஹிமாலயன் 450 எடுப்பதென்றால் டியூப்லெஸ் ஸ்போக் சக்கரம் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். என் எக்ஸ்பல்ஸில் டியூப்தான், அதனால்தான் என் பையில் பாதி எடை லீவரும் ஸ்பேனரும்.

காவலூர் என்றதும் ஞாபகம் வந்தது. அங்கே வைணு பாப்பு வான் ஆய்வகத்தில் 2.3 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. இருட்டு வேண்டும் என்பதற்காகவே அந்த இடத்தைத் தேடிப் பிடித்தார்கள். ராத்திரியில் நான்கு எக்ஸ்ட்ரா லைட்டைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் வரும் நண்பர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். எதிரே வரும் மாட்டுக்கும் கண் இருக்கிறது.

ஆற்காடு_மக்கன்பேடா

சாமை சார் சொன்ன எடை விஷயத்தில் நான் கொஞ்சம் சேர்க்கிறேன். என் உயரம் ஐந்தடி மூன்று. ஓட்டுவது வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ், சீட் 835 மி.மீ. ஷோரூமில் உட்கார்ந்து பார்த்ததும் விற்பனைப் பையன் "மேடம், ஸ்கூட்டர் பார்க்கலாமே" என்றான். பார்க்கவில்லை.

இரண்டு காலும் எட்டாது, எட்ட வேண்டியதும் இல்லை. நிற்கப்போகும்போது இடுப்பை இடது பக்கம் ஒரு சாண் நகர்த்தி, இடது பாதத்தை முழுசாக ஊன்றி, வலது கால் பிரேக் மேலேயே இருந்தால் போதும். தந்திரம் நிற்பதில் இல்லை, நிற்கும் இடத்தைப் பார்த்து வைப்பதில்தான். இடது பக்கம் பள்ளமாக இருந்தால் இரண்டடி தள்ளி நிற்க வேண்டும். வண்டியைத் தாழ்த்தித் தருகிறேன் என்று பின் சஸ்பென்ஷன் லிங்க்கை மாற்றச் சொல்பவர்களை நம்பாதீர்கள். முன்பக்கம் அப்படியே இருக்கப் பின்பக்கம் மட்டும் இறங்கினால் வளைவில் வண்டி திரும்ப மறுக்கும், சைடு ஸ்டாண்டும் நீளமாகிவிடும்.

விழுந்தால் தூக்குவது எப்படி என்று பெண்களைவிட ஆண்கள்தான் அதிகம் கேட்கிறார்கள், தனிச் செய்தியில். பொதுவிலேயே எழுதிவிடுகிறேன். முதலில் எஞ்சினை அணைக்க வேண்டும். வலது பக்கம் விழுந்திருந்தால் தூக்கும் முன்பே சைடு ஸ்டாண்டை விரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நிமிர்ந்த வண்டி இடது பக்கம் சாயும். கியரில் போட்டால் உருளாது. ஹேண்டிலைத் தரைப் பக்கம் முழுசாகத் திருப்பி, வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டின் ஓரத்தில் பின்புறத்தை ஒட்டி உட்கார வேண்டும். ஒரு கை தரையிலிருக்கும் கைப்பிடியில், மறு கை பின் சட்டத்தில். முதுகை வளைக்காமல், குதிகாலால் தரையை உதைத்துச் சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடந்தால் வண்டி தானாக எழும். குனிந்து கையால் இழுத்தால் எழுவது வண்டி இல்லை, இடுப்பு வலி.

காட்பாடி_செயின்கவர்

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. வீட்டுக்காரம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து படித்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி: "இதில் யாராவது பின்னால் உட்கார்ந்து போனவர்கள் இருக்கிறார்களா?"

பின்சீட்டுப்_பார்வை

நான் இருக்கிறேன். எனக்கு ஓட்டத் தெரியும், ஆனால் ஊருக்கு வெளியே போனால் பின்சீட்டுதான். அதற்கும் வேலை உண்டு என்று யாரும் நினைப்பதில்லை.

ஓட்டுபவருக்குப் பள்ளம் முன்கூட்டியே தெரியும், உடம்பு தயாராகிவிடும். பின்னால் இருப்பவருக்கு அவர் முதுகுதான் தெரியும், பள்ளம் வந்தபிறகுதான் தெரியும். அதனால் இடுப்பு வலி உள்ளவருக்கு முதல் விஷயம் சீட் பஞ்சு இல்லை, கால் வைக்கும் இடம். ஃபுட்ரெஸ்ட் உயரமாக இருந்தால் முழங்கால் மடங்கி, முழு எடையும் வால் எலும்பில் இறங்கும். கால் நன்றாக ஊன்றினால் அடி வரும்போது கொஞ்சம் எழுந்துகொள்ளலாம். இந்த ஒரு விஷயத்தை ஷோரூமில் வண்டி நிற்கும்போதே பார்த்துவிடலாம்.

மீட்டியோரில் முதுகு சாய ஒரு பேக்ரெஸ்ட் கிடைக்கிறது, சூப்பர்நோவா மாடலில் கம்பெனியே கொடுக்கிறது. நல்ல ரோட்டில் அது சுகம், தூக்கம்கூட வரும். மோசமான ரோட்டில் அதே பேக்ரெஸ்ட் முதுகில் தட்டிக்கொண்டே இருக்கும். ஓட்டுபவருக்கும் ஒரு சிக்கல்: மீட்டியோர் மாதிரி க்ரூஸரில் கால் முன்னால் நீட்டியிருக்கும், பள்ளத்தில் எழுந்து நிற்க முடியாது, எல்லாம் நேரே இடுப்புக்குத்தான் போகும். இங்கே பாலாற்று அண்ணா கோபப்படுவார். ஹிமாலயனில் சஸ்பென்ஷன் முன்னும் பின்னும் 200 மி.மீ. அசையும், பள்ளங்களை நன்றாக விழுங்கும். ஆனால் ஏறி உட்காருவது தனி வித்தை. புடவையில் நினைத்தே பார்க்காதீர்கள், சுடிதாரிலும் ஓட்டுபவர் இரண்டு காலும் ஊன்றி நின்றால்தான் ஏற முடியும். ஐந்தடி ஐந்து ஆளால், 825 மி.மீ. சீட்டில், பின்னால் ஒருவர் ஏறும்போது வண்டியை ஆடாமல் பிடிக்க முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அறுபது எழுபது கிலோமீட்டருக்கு ஒரு தடவை இறங்கி நடக்க வேண்டும். இதற்குப் பேச்சுவார்த்தை கிடையாது. வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குள் ஒரு நிறுத்தம், போளூரில். அப்புறம், ஆம்பூர் பிரியாணியை மதியம் சாப்பிட்டுவிட்டு அப்படியே ஹைவேயில் ஏறும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். ஓட்டுபவர் தலை சாய்வது முதலில் எங்களுக்குத்தான் தெரிகிறது.

பாலாற்று_மணல்

கோபமெல்லாம் இல்லை அம்மா. பேக்ரெஸ்ட் முதுகில் தட்டுகிறது என்று என் வீட்டிலும் சொன்னதுண்டு. நான் ரேடியோ சத்தத்தைக் கூட்டிவிட்டேன்.

ஆம்பூர்_தோல்பதம்

பிரியாணியைப் பற்றித் தப்பாகப் பேசியதை வன்மையாகக் கண்டிக்கிறேன். சீரக சம்பா மேல் பழி போடாதீர்கள், நடுப்பகல் வெயில் மேல் போடுங்கள்.

வண்டிக்கு மூன்று லட்சம் ஒதுக்கியவர் ஜாக்கெட், கையுறை, ஹெல்மெட் என்று ரைடிங் கியருக்கு எவ்வளவு ஒதுக்கினார் என்று யாருமே கேட்கவில்லையே? நான் தோல் தொழிலில் இருக்கிறேன், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன். ஊரில் லெதர் ஜாக்கெட் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிக்கொண்டு போகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஃபேஷன் ஜாக்கெட், ஆட்டுத் தோல், கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கையில் பட்டு போல இருக்கும், தாரில் தேய்ந்தால் நொடியில் கிழிந்துவிடும். பைக் ஜாக்கெட்டுக்கு 1.2 முதல் 1.4 மி.மீ. மாட்டுத் தோல் வேண்டும், தோள், முழங்கைத் தையல் இரட்டை வரிசையாவது இருக்க வேண்டும். கையுறைக்கு மட்டும் வெள்ளாட்டுத் தோல் நல்லது, மெல்லியதாக இருந்தாலும் கெட்டி. வாங்கும்போது விரலை உள்புறமாகத் திருப்பிப் பாருங்கள். நுனித் தையல் உள்ளே முடிச்சாகப் புடைத்திருந்தால் இரண்டு மணி நேரத்தில் நகக்கண் வலிக்கும்.

ஆனால் சித்திரை, வைகாசியில் வேலூரில் லெதர் போடுங்கள் என்று நானே சொல்ல மாட்டேன். காற்று போகும் மெஷ் ஜாக்கெட், உள்ளே அடி தாங்கும் சிஇ முத்திரை பேட். இதில் ஒரு நுணுக்கம். காற்றின் சூடு உடம்புச் சூட்டைவிட அதிகமானால் காற்று பட்டால் குளிராது, இன்னும் சூடாகும். 40 டிகிரியில் டி-ஷர்ட்டோடு போகிறவர் குளிர்ச்சி என்று நினைத்துக்கொண்டு காய்ந்துகொண்டிருக்கிறார். உள்ளே பனியனை நனைத்து, மேலே ஜாக்கெட்டைப் போட்டு, காற்று வரும் வழியைக் கொஞ்சம் மூடினால் ஈரம் மெதுவாக ஆவியாகும், அரை மணி நேரமாவது உடம்பு தாங்கும். நிறுத்தத்தில் வெறும் தண்ணீர் மட்டும் குடிக்காதீர்கள். உப்புப் போட்ட மோர் குடியுங்கள், இல்லாவிட்டால் இளநீர். ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரை சட்டப்படி கட்டாயம். அது போக, தலையில் ஆடாமல் உட்காருகிறதா என்று பாருங்கள்.

390_பைத்தியம்

கியர் விஷயத்தில் ஆம்பூர் அண்ணாவுக்கு முழு ஆதரவு. சின்னக் கேள்வி: புது சென்னை-பெங்களூரு எக்ஸ்பிரஸ்வே முழுசாகத் திறந்தால் நமக்குக் குடியாத்தம் பக்கமாகவே ஏறலாம் அல்லவா?

வாலாஜா_பேரேடு

கார் வைத்திருந்தால் ஏறலாம் தம்பி. திறந்திருக்கும் கர்நாடகப் பகுதியிலேயே டூவீலருக்குத் தடை. நமக்குப் பழைய 48-ஆம் நம்பர் ரோடுதான் கதி. அதில் டூவீலருக்கு டோல் இல்லை, அது ஒரு சந்தோஷம்.

வந்த வேலையைச் சொல்கிறேன். எல்லோரும் பிஎஸ் பேசுகிறீர்கள், வரியை விட்டுவிட்டீர்கள். 22 செப்டம்பர் 2025 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதம் ஆனது. 350-க்கு மேல் 40. முன்பு அங்கே செஸ்ஸோடு சேர்த்து 31 இருந்தது. வரி இல்லாமல் இரண்டு லட்சம் விலையுள்ள வண்டி என்று வையுங்கள். 350-க்குள் என்றால் முன்பு 2,56,000, இப்போது 2,36,000. மேலே என்றால் முன்பு 2,62,000, இப்போது 2,80,000. முன்பு அந்த 350 சிசி கோட்டுக்கு இரண்டு பக்கமும் வித்தியாசம் 6,000 ரூபாய், இப்போது 44,000. அந்தப் பணத்தில் இரண்டு பேருக்கும் கியர் வாங்கிவிடலாம்.

மீட்டியோர் 349, ஹோண்டா சிபி350-ன் எஞ்சின் 348, வி-ஸ்ட்ரோம் 249, இவை கோட்டுக்குக் கீழே. டொமினார் 373, 390 அட்வென்ச்சர் 399, ஹிமாலயன் 452, இவை மேலே. சில கம்பெனிகள் கூடுதல் வரியைத் தாங்களே ஏற்றுக்கொண்டன, அதனால் ஆன் ரோடு விலைச் சீட்டை நேரில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். அதில் இன்ஷூரன்ஸ் எழுதியிருக்கும் இடத்திலும் ஒரு முறை கண்ணை ஓட்டுங்கள், கேட்காததையெல்லாம் அங்கேதான் சேர்ப்பார்கள்.

கொசப்பேட்டை_ஸ்பேனர்

டொமினாரை யாரும் தொடவில்லையே என்று பார்த்தேன். 40 பிஎஸ், 35 நியூட்டன் மீட்டர், டூரிங் கண்ணாடியும் கேரியரும் கம்பெனியிலேயே வருகிறது. நேர் ரோட்டுக்குக் கொடுத்த காசுக்கு நல்ல வண்டி. ஜவ்வாதுக்கு இல்லை. அவ்வளவுதான்.

சூட்டைப் பற்றி. ஹிமாலயன் 450, டொமினார், 390 மூன்றும் ரேடியேட்டர் வண்டி. எஞ்சினுக்கு அது பாதுகாப்பு, ஓட்டுபவருக்கு இல்லை. கிரீன் சர்க்கிளில் மே மாதம் மதியம் நின்றால் ஃபேன் ஓடி, அந்தக் காற்று நேரே முட்டிக்கு வரும். அதில் பயப்பட ஒன்றும் இல்லை, ஃபேன் ஓடினால் நல்ல வண்டி என்று அர்த்தம். ஓடாவிட்டால்தான் என்னைக் கூப்பிட வேண்டும். வி-ஸ்ட்ரோம் ஆயில் கூலிங், மீட்டியோர் காற்றும் ஆயிலும். இவற்றிலும் சூடு உண்டு, முகத்தில் அடிப்பது போல வராது.

ரிப்பேருக்கு மீட்டியோரின் எஞ்சின் எளிது. போளூர், செங்கம் என்று எங்கே நின்றாலும் அதைத் தொட்டுப் பழகின ஆள் இருப்பான். எலெக்ட்ரானிக் த்ராட்டில் வண்டிகளில் சிக்கல் வந்தால் கம்ப்யூட்டர் சொருகிப் பார்க்க சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். என் வாடிக்கையாளர் ஒருவர் ஒரு சென்டரில் சின்ன சென்சாருக்காக வாரக்கணக்கில் காத்திருந்தார். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, எல்லாரிடமும் நடப்பதுதான்.

ஜவ்வாது_சாமை

அப்படியானால் எங்கள் மலைக்கு எது என்று சொல்லுங்கள் ஸ்பேனர்.

கொசப்பேட்டை_ஸ்பேனர்

மலைக்கு மட்டும் என்றால் உங்கள் எக்ஸ்பல்ஸ்தான் சார். அவர் கேட்டது மலை, ஹைவே, ஆபீஸ், மனைவி நான்கும். என்னைக் கேட்டால் வி-ஸ்ட்ரோம். 26.5 பிஎஸ், 20-க்கும் 40-க்கும் நடுவே. எடை குறைவு, நிமிர்ந்து உட்காரலாம், பின்னால் கேரியரோடு வருகிறது. குறை என்றால், இழுவை 7300 சுற்றில்தான் முழுசாக வரும், இரண்டு பேரோடு ஏற்றத்தில் கியரை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். டேங்க் 12 லிட்டர்தான், மலை ஏறும் முன்பே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

பாலாற்று_மணல்

250 சிசியில் தனுஷ்கோடியா? போகலாம், யார் வேண்டாம் என்றது. எங்கள் ஊரிலிருந்து டிவிஎஸ் 50-லேயே பழநிக்குப் போனவர்கள் உண்டு.

தனுஷ்கோடி வழியைச் சொல்லிவிடுகிறேன். 38-ஆம் நம்பர் ரோடு வேலூரிலேயே ஆரம்பிக்கிறது. திருவண்ணாமலை, விழுப்புரம், திருச்சி வரை அதிலேயே போய், அப்புறம் புதுக்கோட்டை, ராமநாதபுரம். ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். வீட்டம்மாவோடு ஒரே நாளில் போகாதே, திருச்சியில் தங்கு. விடியற்காலை நாலரைக்குக் கிளம்பலாம், ஆனால் கரும்பு வெட்டும் பருவத்தில் விழுப்புரம் வரை வெளிச்சம் வந்த பிறகு போ. டிராக்டர் ட்ரெய்லருக்குப் பின்லைட் இருக்காது, கரும்பு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு இருக்கும். பௌர்ணமி அன்று திருவண்ணாமலைக்குள் நுழையவே நுழையாதே. மார்கழியில் வேலூர் தாண்டும் வரை பனி மூட்டம், அது வேறு.

காட்பாடி_செயின்கவர்

நேற்று மூன்று ஷோரூம் போய்விட்டு வந்தோம். 390-ம் டொமினாரும் வரிக் கணக்கிலேயே போய்விட்டன, 390_பைத்தியம் மன்னிக்க. ஹிமாலயனில் நான் உட்கார்ந்தேன், நன்றாக இருந்தது. வீட்டுக்காரம்மா ஏறும்போது வண்டி சாயப் பார்த்தது. அவர் இறங்கிவிட்டார். பேச்சு அங்கேயே முடிந்தது.

மீதி இரண்டு. மீட்டியோரில் உட்கார்ந்ததும் எனக்கு இறங்கவே மனம் இல்லை. அவர் வி-ஸ்ட்ரோமின் ஃபுட்ரெஸ்ட்டில் காலை வைத்துப் பார்த்து, "இதில் எழுந்துக்க முடியுது" என்றார். எனக்கோ வி-ஸ்ட்ரோமில் முன்பாதம்தான் எட்டுகிறது. சனிக்கிழமை இரண்டுக்கும் டெஸ்ட் ரைடு. மதியம் இரண்டு மணிக்குக் கேட்டு வாங்கினேன், அந்தப் பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

ஆற்காடு_மக்கன்பேடா

முன்பாதம் தாராளம் அண்ணா. நான் அதைவிடக் குறைவாக எட்டித்தான் ஓட்டுகிறேன். ஷோரூம் வாசலில் ஒரு ரவுண்டு அடித்துவிட்டு வந்துவிடாதீர்கள். பாகாயம் பக்கம் போங்கள், வேகத்தடை வரிசையாக இருக்கும் தெரு எதுவானாலும் சரி. அக்காவைப் பின்னால் வைத்து, அதே தெருவில் இரண்டு வண்டியையும் ஓட்டுங்கள். ஓரத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, அவர் உட்கார்ந்திருக்கும்போதே பின்னால் தள்ளிப் பாருங்கள்.

390_பைத்தியம்

மன்னித்தேன் ப்ரோ. எது எடுத்தாலும் முதல் ஏலகிரி ரைடுக்கு நான் முன்னால் போகிறேன். மேலே போய்க் காத்திருக்கிறேன்.

கொசப்பேட்டை_ஸ்பேனர்

டெஸ்ட் வண்டியில் ஏறும் முன் டயரில் காற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஷோரூம் டெமோ வண்டிகளில் காற்றை யாரும் கவனிப்பதில்லை. குறைவாக இருந்தால் பள்ளத்தில் மெத்தென்று இருக்கும், அதை சஸ்பென்ஷன் என்று நினைத்துவிடுவீர்கள். இரண்டு பேருக்கான அளவு செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும், பின் டயருக்கு அந்த அளவை வைத்துவிட்டு ஓட்டுங்கள். பின் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கையும் ஆள் எடைக்குத் தகுந்தபடி ஏற்றச் சொல்லுங்கள். எடையைச் சொல்ல மாட்டேன் என்றால் அதுவும் நடக்காது.